இருதயத்தில் வளரும் சாதுக் கட்டி



‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் உலை வைக்க மனம் வராது. முதல் லயத்தில் ஒருவருக்குக் கட்டி இருப்பதாக டாக்டர் சொல்லியிருப்பார். அந்தச் செய்தி கடைசி லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ‘புற்றுநோயாம், நாள் குறித்துவிட்டார்களாம்’ என்று வளர்ந்துவிடும். அதிலும் கட்டி இருக்கும் இடம் இருதயம் என்றால் கேட்கவே வேண்டாம். இனி என்ன செய்வது என்று வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. இருதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பெரியவர்களிடம் அதிகமாகக் காணப்படும் ஒரு வகையை ஒரே ஓர் அறுவைச் சிகிச்சையால் அடியோடு எடுத்துவிடலாம். எடுத்தபின் அந்த மனிதர் எழுந்து நடமாடி, வேலைக்குப் போய், பேரப் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். காலத்தோடு கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். இன்று அந்தக் கட்டியைப் பற்றியே பேசப் போகிறோம்.

எங்களைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்களிடம் பெற்றோர்கள் மருத்துவமனைக் கடிதத்தைக் கொண்டுவந்து, ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, சார்?’ என்று கேட்பது வழக்கம். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஆகவே முதலில் சொற்களைத் தெரிந்துகொள்வோம். மலாய்மொழியில் ‘கெதும்புஹான்’ என்றால் வளர்ச்சி, அதாவது கட்டி என்று பொருள். ‘தூமோர்’ என்பதும் கட்டிதான். ‘கன்செர்’ அல்லது ‘பாராஹ்’ என்று இருந்தால்தான் அது புற்றுநோய். ‘ஜந்துங்’ என்றால் இருதயம். கடிதத்தில் ‘தூமோர்’ என்று மட்டும் இருந்தால், அதைப் படித்துவிட்டு அழத் தொடங்க வேண்டியதில்லை. ‘இது எந்த வகைக் கட்டி, டாக்டர்?’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கட்டிகள் இரு வகைப்படும். ஒன்று, பக்கத்திலுள்ள தசையை அரித்துத் துளைத்துக்கொண்டு, உடம்பின் வேறு பாகங்களுக்கும் பரவுவது. அதுவே புற்றுநோய். மற்றொன்று, தோன்றிய இடத்திலேயே வளர்வது. பிற உறுப்புகளில் வேர்விட்டுப் பரவாது. இதைத் தீங்கற்ற கட்டி என்பார்கள். நாம் இன்று இதைச் சாதுக் கட்டி என்று சொல்லிக்கொள்வோம். கையிலோ முதுகிலோ உருண்டையாய் வரும் கொழுப்புக் கட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டுக் கணக்கில் இருக்கும், ஒன்றும் செய்யாது.

ஆனால் ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது’ என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே, அது இந்தக் கட்டிக்குப் பொருந்தும். முதுகில் இருந்தால் அது சாது. இருதயத்துக்குள் இருந்தால், குணத்தில் சாதுவாக இருந்தாலும் இருக்கும் இடத்தால் ஆளையே கொன்றுவிடக்கூடும். அது எப்படி என்பதை அறிய இருதயத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம்.

இருதயம் அவரவர் கைமுட்டி அளவுள்ள ஒரு தசைப் பை. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 100,000 தடவை அது சுருங்கி விரிகிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடம்பெங்கும் அனுப்புகிறது. அதற்குள் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள் உள்ளன. வலப்பக்கத்து அறைகள் உடம்பைச் சுற்றி வந்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே பிராணவாயு கலந்து சுத்தமான இரத்தம் இடப்பக்கத்து மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து கீழறைக்கு இறங்கி, உடம்புக்குப் பாய்கிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அது ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும். இதற்கு வால்வு என்று பெயர்.

இரண்டு மேலறைகளுக்கும் இடையே ஒரு சுவர் இருக்கிறது. நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது அந்தச் சுவரில் ஒரு சிறு வழி திறந்திருந்தது. பிறந்து மூச்சுவிடத் தொடங்கியபின் அது மூடிக்கொண்டு, ஒரு சிறு பள்ளமாக நின்றுவிட்டது. சாதுக் கட்டிகளில் முக்கியமானது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தின் ஓரத்தில், இடப்பக்கத்து மேலறையில்தான் முளைக்கிறது. அதன் பெயர் மிக்ஸோமா. கிரேக்க மொழியில் சளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயருக்கு ஏற்றாற்போல் கட்டியும் கொழகொழவென்று, பெருநாளுக்குச் செய்கிற அகார்-அகார் போல இருக்கும். பல கட்டிகளுக்குக் காம்பும் உண்டு. மரத்தில் காய் தொங்குவது போல அது சுவரிலிருந்து தொங்கிக்கொண்டு, இருதயம் துடிக்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருக்கும். எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்திருப்பது சாதாரணம். அதைவிடப் பெரிதாகவும் வளர்வதுண்டு.

இது எத்தனை பேருக்கு வருகிறது? மிகவும் அபூர்வம். இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து எடுத்த கணக்கின்படி, 10,000 பேரில் ஏறக்குறைய 2 பேருக்குத்தான் இருதயத்திலேயே தோன்றிய கட்டி இருக்கிறது. அப்படிப்பட்ட கட்டிகளில் நான்கில் மூன்று பங்கு சாதுக் கட்டி. பெரியவர்களுக்கு வரும் சாதுக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி மிக்ஸோமா. 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்களையே இது அதிகம் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. அதாவது, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில், குடும்பத்தைத் தாங்கும் தாய்க்கு வருகிற நோய் இது. நுரையீரலிலோ மார்பிலோ தொடங்கிய புற்றுநோய் பிற்பாடு இருதயத்துக்குப் பரவுவதும் உண்டு. அது வேறு சங்கதி. அதற்குச் சிகிச்சையும் வேறு.

இந்தக் கட்டி மூன்று விதமாகத் தொல்லை கொடுக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது, அடைப்பு. லயத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஓர் இலை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இலை மேலே மிதக்கும்வரை குழாயில் தண்ணீர் நன்றாக வரும். இலை இறங்கி வாயில் வந்து ஒட்டிக்கொண்டால் தண்ணீர் நின்றுபோகும். தொட்டியைக் கலக்கிவிட்டால் இலை விலகி, மறுபடியும் தண்ணீர் வரும். தொங்கிக்கொண்டிருக்கும் கட்டியும் இப்படியே வால்வின் வாயில் வந்து உட்காருகிறது. அப்போது இரத்தம் கீழறைக்கு இறங்க முடியாமல் நுரையீரல் பக்கமாகத் தேங்குகிறது. மூச்சு முட்டுகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்தால் கண் இருண்டு மயக்கம் வருகிறது. உடம்பை அசைத்துப் படுத்தாலோ, திரும்பினாலோ கட்டி விலகிக்கொள்கிறது. மூச்சு திரும்பி வருகிறது.

கவனியுங்கள், இங்கேதான் ஒரு துப்பு இருக்கிறது. இருதயம் பலவீனமானவர்களுக்கு வழக்கமாகப் படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். மிக்ஸோமா உள்ளவர்களில் சிலருக்கு இது தலைகீழாக நடக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் திணறும், படுத்தால் குறையும். சிலருக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மட்டும் திணறும். சிலருக்குக் குனியும்போது கண் இருளும். நன்றாக நடந்து போனவர் திடீரென்று விழுந்து, இரண்டு நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்காருவார். பார்த்தவர்கள் ‘காற்று அடித்துவிட்டது’ என்பார்கள். ‘பசி மயக்கம்’ என்பார்கள். உடம்பின் நிலை மாறும்போது நோயும் மாறுகிறது என்றால், அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, துணுக்குகள் உடைந்து போவது. கட்டி கொழகொழப்பானது என்று சொன்னோம். ஓயாமல் ஆடுவதால் அதிலிருந்து சிறு துணுக்கோ, அதன்மேல் உறைந்த இரத்தக் கட்டியோ பிய்ந்து இரத்தத்தோடு ஓடிவிடும். மூளைக்குப் போகும் குழாயை அது அடைத்தால் பக்கவாதம் வருகிறது. கால் குழாயை அடைத்தால் கால் சில்லிட்டு வெளுத்து வலிக்கிறது. மிக்ஸோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏதாவது நேர்கிறது. ஆகவே இரத்த அழுத்தமோ, இனிப்பு நீரோ இல்லாத இளவயதுக்காரருக்குத் திடீரென்று வாய் கோணி, கை கால் விழுந்தால், மூளையை மட்டும் அல்ல, இருதயத்தையும் டாக்டர்கள் பரிசோதிக்கிறார்கள்.

மூன்றாவது, காரணம் தெரியாத சுகவீனம். விட்டுவிட்டுக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, மூட்டுவலி, களைப்பு. காசநோயோ மலேரியாவோ என்று பரிசோதித்தால் ஒன்றும் தெரியாது. கட்டி இன்டர்லூக்கின் 6 என்ற ஒரு பொருளை இரத்தத்தில் சுரப்பதே இதற்குக் காரணம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். கட்டியை எடுத்துவிட்டால் இந்தக் காய்ச்சலும் களைப்பும் போய்விடுகின்றன.

இப்போது ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். வயது நாற்பத்தைந்து. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். ஆறு மாதமாக மூச்சு வாங்குகிறது. குனிந்து எழும்போது கிறுகிறுக்கிறது. அவ்வப்போது காய்ச்சல். வீட்டில் ஒருவர் இரத்தம் குறைவு என்கிறார். ஒருவர் ஆஸ்துமா என்கிறார். ஒருவர் செய்வினை என்கிறார். மூவரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் மூவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு இருந்ததில் ஆறு மாதம் போய்விட்டது. அந்த ஆறு மாதமும் கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது.

டாக்டர்களுக்கும் இது எளிதில் பிடிபடாத நோய்தான். தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்ட சில பிள்ளைகளுக்குப் பிறகு மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, இருதய வால்வு சுருங்கிப் போவதுண்டு. இதை ருமாட்டிக் இருதய நோய் என்பார்கள். வால்வு சுருங்கினாலும் இரத்தம் தடைபடுகிறது. கட்டி வந்து அடைத்தாலும் தடைபடுகிறது. இரண்டுக்கும் மூச்சுத் திணறல் ஒன்றே. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். கட்டி வந்து வால்வில் விழும்போது ‘பொத்’ என்று ஒரு தனி ஓசை சிலரிடம் கேட்பதுண்டு, எல்லாரிடமும் கேட்காது. அப்படியானால் உள்ளே இருப்பதை எப்படித்தான் பார்ப்பது?

இங்கே நாம் சுவீடன் நாட்டுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. அங்கே லுண்ட் என்ற ஊரில் இங்கே எட்லர் என்ற இருதய மருத்துவரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல் அறிஞரும் இருந்தார்கள். பக்கத்து ஊரான மால்மோவில் ஒரு கப்பல் கட்டும் தளம். இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு கருவி வைத்திருந்தார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அது இரும்புக்குள் செலுத்தும்; திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு உள்ளே இருப்பதைக் காட்டும். இரும்புக்குள் பார்க்க முடியுமானால் நெஞ்சுக்குள் பார்க்க முடியாதா என்று இருவரும் எண்ணினார்கள். 1953ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், துடிக்கும் இருதயத்தின் அசைவை எதிரொலியால் பதிவு செய்தார்கள். 1959ல் ஜெர்மனியில் எஃபெர்ட், டோமானிக் என்ற மருத்துவர்கள் இதே முறையில் இடப்பக்கத்து மேலறைக் கட்டியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள்.

இன்று நாம் எக்கோ என்று சொல்லும் பரிசோதனை இதுதான். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஸ்கேன் செய்வது போல, நெஞ்சில் பசை தடவி ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கட்டி ஆடுவதும், வால்வுக்குள் இறங்கி ஏறுவதும் திரையில் தெரியும். வால்வு நோயா, கட்டியா என்ற பழைய குழப்பத்தைத் தீர்த்து வைத்தது இந்தக் கருவிதான்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? எடுக்க வேண்டுமே! 1950களுக்கு முன்னால் இருதயக் கட்டி என்பது பெரும்பாலும் நோயாளி இறந்தபின் தெரிய வருகிற விஷயமாகவே இருந்தது. 1952ல் அமெரிக்காவில், இருதயத்துக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்து, உயிரோடு இருக்கும்போதே ஒருவருக்கு மிக்ஸோமா இருப்பதைக் கண்டார்கள். அறுவையும் செய்தார்கள், காப்பாற்ற முடியவில்லை. துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தைத் திறந்தால் இரத்தம் பீறிடும். நிறுத்தினால் உயிர் போகும். என்ன செய்வது?

வாய்க்காலில் மதகைப் பழுது பார்க்க வேண்டுமானால் என்ன செய்கிறோம்? தண்ணீரை வேறு வழியாகத் திருப்பிவிட்டு, மதகை உலர்த்திக்கொண்டு வேலை செய்கிறோம். அதே யோசனைதான் இங்கும். உடம்பிலிருந்து வரும் இரத்தத்தை ஓர் இயந்திரத்துக்குத் திருப்பி, அந்த இயந்திரமே பிராணவாயு கலந்து உடம்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் பல ஆண்டுகள் பாடுபட்டு இத்தகைய இயந்திரத்தை உருவாக்கினார். 1953 மே மாதம் அதன் உதவியால் ஓர் இளம்பெண்ணின் இருதயச் சுவரில் இருந்த துளையை அடைத்தார். அடுத்த ஆண்டு, 1954 ஜூலையில், சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் டாக்டர் கிளாரன்ஸ் கிராஃபூர்ட் இத்தகைய இயந்திரத்தின் துணையோடு இடப்பக்கத்து மேலறையிலிருந்து மிக்ஸோமாவை எடுத்தார். அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டார். இருதயத்துக்குள் இருந்த மிக்ஸோமாவை எடுத்து உயிரைக் காப்பாற்றிய முதல் வெற்றி அதுவே.

அந்த வெற்றி மேல்நாட்டோடு நின்றுவிடவில்லை. தமிழகத்தில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1961ஆம் ஆண்டில் திறந்த இருதய அறுவை வெற்றிகரமாக நடந்தது. நம் நாட்டிலும், 1989 ஜனவரியில் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் முகமதுவுக்கு இருதய இரத்தக்குழாய் அறுவை நடந்தது. அதை அவர் வெளிநாட்டுக்குப் போகாமல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே செய்துகொண்டார். அறுவை செய்தவர் நம் நாட்டு மருத்துவர் டாக்டர் யாஹ்யா அவாங். 1992ல் கோலாலம்பூரில் தேசிய இருதய சிகிச்சை நிலையம், அதாவது இன்ஸ்டிடியூட் ஜந்துங் நெகாரா, தொடங்கப்பட்டது. செர்டாங் அரசாங்க மருத்துவமனையிலும் இருதய அறுவைப் பிரிவு இருக்கிறது. சிரம்பானிலிருந்து புறப்பட்டால் இரண்டுக்கும் ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஸ்டாக்ஹோமில் நடந்த அதிசயம் இன்று நமக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது.

இனி அறுவை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். நோயாளியை முழுவதும் மயக்கி, நெஞ்செலும்பைத் திறந்து, இரத்த ஓட்டத்தை இயந்திரத்துக்குத் திருப்புவார்கள். பிறகு இருதயத்தை நிறுத்தி, மேலறையைத் திறந்து, கட்டியைக் காம்போடும், காம்பு முளைத்த சுவரின் சிறு பகுதியோடும் சேர்த்து எடுப்பார்கள். வேரோடு பிடுங்காத புல் மீண்டும் முளைக்கும் அல்லவா? அதனால்தான் இப்படி. சுவரில் விழுந்த துளையைத் தைத்தோ, ஒட்டுப்போட்டோ மூடுவார்கள். இருதயம் மறுபடியும் துடிக்கத் தொடங்கியதும் இயந்திரத்தை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். எந்த இருதய அறுவையிலும் ஆபத்து உண்டு. தேர்ந்த மருத்துவமனைகளில் இந்த அறுவைக்குப் போகும் நூறு பேரில் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்கள் பிழைத்து வருகிறார்கள். கட்டியை அப்படியே விட்டுவைப்பதில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரிது. அது எந்த நேரத்தில் வால்வை முழுதாக அடைக்கும், எந்த நேரத்தில் துணுக்கு மூளைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவேதான் மிக்ஸோமா என்று தெரிந்ததும், ‘தீபாவளி கழியட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும்’ என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறார்கள். இந்தக் கட்டியைக் கரைக்கும் மாத்திரை கிடையாது. கரைக்கும் கஷாயமோ, லேகியமோ கிடையாது. கோயிலில் நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்கவில்லை. நேர்ந்துகொள்ளுங்கள், நேர்ந்துகொண்ட கையோடு மருத்துவமனைக்கும் போங்கள்.

அறுவைக்குப் பின் நெஞ்செலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை தண்ணீர் வாளி தூக்குவதோ, செம்பனைக் குலை சுமப்பதோ, குழந்தையை இடுப்பில் தூக்குவதோ கூடாது. காவடி எடுப்பதாக வேண்டுதல் இருந்தால், டாக்டர் சரி என்று சொன்னபிறகு எடுக்கலாம், முருகன் காத்திருப்பான். ‘உடம்புதான் தேறிவிட்டதே’ என்று மறு பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. நூறு பேரில் ஒருவருக்கோ மூவருக்கோ கட்டி மறுபடியும் வருவதுண்டு. குறித்த நாளில் எக்கோ எடுத்துப் பார்த்தால் அதையும் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

சில குடும்பங்களில் மட்டும் இது பரம்பரையாக வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இளவயதிலேயே கட்டி தோன்றும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கலாம். எடுத்தபின் திரும்ப வருவதும் அதிகம். உதட்டிலும், இமையிலும், முகத்திலும் சிறுசிறு கரும்புள்ளிகள் காணப்படலாம். அமெரிக்காவில் டாக்டர் கார்னி என்பவர் 1985ல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறார்கள். மிக்ஸோமா உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. ஆனாலும் இளவயதில் ஒருவருக்கு இந்தக் கட்டி வந்தால், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எக்கோ எடுக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைக்குழந்தைகளின் இருதயத்தில் காணப்படும் கட்டி பெரும்பாலும் வேறு வகை. ராப்டோமயோமா என்ற தசைக் கட்டி. கேட்டால் வியப்பாக இருக்கும், இந்தக் கட்டிகள் பலவும் குழந்தை வளர வளரத் தாமாகவே சுருங்கிவிடுகின்றன. அதனால் இரத்த ஓட்டத்தையோ துடிப்பையோ கெடுக்காதவரை டாக்டர்கள் கத்தியைத் தொடாமல் கவனித்து வருவார்கள். ஆனால் இத்தகைய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, வலிப்பும், தோலில் வெளிறிய திட்டுகளும் உண்டாக்கும் ஒரு பிறவிக் கோளாறு இருப்பதுண்டு. ஆகவே ‘கட்டி சுருங்கிவிட்டது’ என்று அத்துடன் விட்டுவிடாமல், தொடர்ந்து கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரே இருதயம், ஒரே ‘கட்டி’ என்ற சொல். ஆனால் தாய்க்கு உடனே எடுக்க வேண்டியது, குழந்தைக்குப் பொறுத்திருந்து பார்க்க வேண்டியது. எந்த வகைக் கட்டி என்று கேளுங்கள் என நாங்கள் தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

இவ்வளவும் கேட்டபின், மூச்சு வாங்குகிற ஒவ்வொருவரும் தமக்குக் கட்டி இருக்குமோ என்று கலங்க வேண்டாம். இரத்தசோகை, ஆஸ்துமா, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், இருதயக் குழாய் அடைப்பு இவையெல்லாம் மிக்ஸோமாவைவிடப் பன்மடங்கு அதிகமாகக் காணப்படும் காரணங்கள். ஆனால் அவை ஒவ்வொன்றும் டாக்டர் பார்க்க வேண்டியவையே. ஆகவே காரணம் எதுவாக இருந்தாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டும். அங்கே சந்தேகம் தோன்றினால் கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். செலவுக்கு வழியில்லை என்றால் அரசாங்க மருத்துவமனையிலுள்ள மருத்துவ சமூகநல அதிகாரியைப் பார்க்கலாம். அதற்கென்றே அவர் இருக்கிறார். தயங்க வேண்டியதில்லை.

போகும்போது பிள்ளைகளின் பள்ளிப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். மூச்சு வாங்குவது எப்போது தொடங்கியது? படுத்தால் கூடுகிறதா, உட்கார்ந்தால் கூடுகிறதா? எந்தப் பக்கம் சாய்ந்தால் சுகமாக இருக்கிறது? மயங்கி விழுந்தது உண்டா, எத்தனை தடவை, என்ன செய்துகொண்டிருந்தபோது? காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறதா? உடம்பு எவ்வளவு இளைத்தது? குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் பக்கவாதமோ, திடீர் மரணமோ நேர்ந்ததா? டாக்டர் நம்மோடு இருப்பது பத்து நிமிடம். நோயோடு இரவும் பகலும் இருப்பவர்கள் நாம். நமக்குத் தெரிந்ததைச் சொன்னால்தான் அவர் எக்கோ எடுக்கலாமா என்று யோசிப்பார். மலாயில் சொல்லத் தெரியவில்லை என்று வாய்மூடி நிற்க வேண்டாம். எழுதிய தாளை நீட்டினாலே போதும்.

இன்னொன்று. திடீரென்று ஒருவருக்கு வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, தைலம் தேய்த்து விடிந்தபின் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அப்போதே 999க்குத் தொலைபேசியில் அழையுங்கள். பால்மரத்தில் விடியும் வேளை தவறினால் அன்றைய பால் போயிற்று, மறுநாள் வெட்டிக்கொள்ளலாம். மூளைக்கு நேரம் தவறினால் போனது போனதுதான்.

கட்டி என்ற சொல்லுக்குப் பயந்து மூலையில் உட்கார்ந்தவர்களைக் கட்டி விட்டு வைப்பதில்லை. எந்த வகைக் கட்டி என்று கேட்டு, மருத்துவமனைப் படி ஏறியவர்கள் பலர் இன்று நம்மிடையே வேலை செய்துகொண்டு இருக்கிறார்கள். மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால், ‘வயசாகிவிட்டது’ என்று சொல்லிவிடாமல், அந்த வாரத்திலேயே அழைத்துக்கொண்டு போங்கள்.